ஒரே மாதத்தில் பிறந்த இரு சட்டங்கள்

அங்காடிக்குச் சென்று திரும்பும்போது கையில் தொங்கும் மெல்லிய பைக்கும் ஒரு வரலாறு உண்டு என்றால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் கடந்த கால் நூற்றாண்டில் உலக நாடுகள் பல இந்தப் பையைக் குறித்து விவாதித்துச் சட்டம் இயற்றியுள்ளன. அச்சட்டங்களால் இயற்கைக்கு உண்மையிலேயே நன்மை விளைந்ததா, அல்லது நம் மனத்திற்கு ஓர் ஆறுதல் மட்டும் கிடைத்ததா என்னும் வினா இன்று எழுப்பப்படுகிறது. நேர்மையான வினாதான். அதற்குரிய விடையை வரலாற்றிடமே கேட்பது நன்று என எண்ணுகிறோம்.

சுவீடன் நாட்டின் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டென் குஸ்தாவ் தூலின் என்னும் பொறியாளர், பாலித்தீன் குழாய் ஒன்றை மடித்து, ஒட்டி, வெட்டி, கைப்பிடியோடு கூடிய ஒரே துண்டுப் பையை உருவாக்கினார். 1965-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுவதற்கு மாற்றாகவே தம் தந்தை இதனைக் கண்டார் என்றும், ஒரு பையை மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்திருப்பார் என்றும் அவருடைய மகன் பிற்காலத்தில் கூறினார். அதாவது, திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கென்றே பிறந்த பை அது. 1982-இல் அமெரிக்காவின் பெரும் அங்காடி நிறுவனங்களான சேஃப்வேயும் குரோகரும் இப்பைக்கு மாறின. கடைகள் அதனை விலையின்றிக் கொடுத்தன. விலையின்றிக் கிடைத்ததால் அது மதிப்பிழந்தது. மதிப்பிழந்ததால் வீசி எறியப்பட்டது.

இவ்வாறு எறியப்பட்ட பையைத் தடுக்க, 2002-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு நாடுகள் இருவேறு வழிகளைக் கைக்கொண்டன. ஒன்று வங்காளதேசம், மற்றொன்று அயர்லாந்து.

வங்காளதேசத்தின் துன்பம் வெள்ளத்தின் வழியாக வந்தது. 1988-இலும் 1998-இலும் அந்நாடு பெருவெள்ளத்தில் மூழ்கியது. 1998-இல் நாட்டின் மூன்றில் இரு பங்கு நிலம் நீருக்குள் கிடந்தது. தலைநகர் டாக்காவின் சில பகுதிகளில் நீர் வடிய இரு மாதங்களுக்கு மேலாயிற்று. வெள்ளத்தைக் கொண்டுவந்தவை கங்கையும் பிரமபுத்திராவும் மேக்னாவும்தாம், பாலித்தீன் பையன்று. ஆனால் வந்த நீர் வெளியேறும் வழியை அடைத்துக் கிடந்தவற்றுள் அப்பைகள் முதன்மையானவை. நகரத்துச் சாக்கடைகளில் அவை அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. தாழ்ந்த நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைகளே அந்தத் தேங்கிய நீரில் நின்றவர்கள். எனவே 2002 சனவரியில் டாக்காவிலும், மார்ச்சு மாதத்தில் நாடு முழுவதிலும் மெல்லிய பாலித்தீன் பைகள் முற்றாகத் தடைசெய்யப்பட்டன. அத்தகைய தடையை நாடு முழுவதற்கும் விதித்த முதல் நாடு வங்காளதேசம்.

அயர்லாந்தின் துன்பம் இவ்வளவு கொடியதன்று. அங்கே வேலிகளிலும் மரக்கிளைகளிலும் சிக்கிக் காற்றில் படபடத்த பைகளுக்குச் 'சூனியக்காரியின் உள்ளாடைகள்' என்று மக்கள் கேலிப்பெயர் இட்டிருந்தனர். அரசு பையைத் தடைசெய்யவில்லை. மார்ச்சு 4 முதல் ஒவ்வொரு பைக்கும் 15 சென்ட் தீர்வை விதித்தது. அதனைக் கடைக்காரர் தாமே ஏற்றுக்கொள்ளாமல், பொருள் வாங்குவோரிடமிருந்து பெற வேண்டும் என்றும் விதித்தது. மீன், இறைச்சி போன்றவற்றைச் சுற்றும் சிறு பைகளுக்கு விலக்கு அளித்தது. திரண்ட பணம் சுற்றுச்சூழல் நிதிக்குச் சென்றது.

விளைவுகள் எவ்வாறு அமைந்தன? அயர்லாந்தில் ஆண்டுக்கு ஒருவருக்கு 328 பைகள் என்றிருந்த கணக்கு 21-ஆகக் குறைந்தது. பின்னர் அது சற்றே ஏறத் தொடங்கவே, 2007-இல் தீர்வை 22 சென்டாக உயர்த்தப்பட்டது. வங்காளதேசத்திலோ, தொடக்கத்தில் கடைத்தெருக்களிலிருந்து மறைந்த பை சில ஆண்டுகளிலேயே திரும்பி வந்தது. பழைய டாக்காவின் குறுகிய சந்துகளில் சிறு பட்டறைகள் அதனை உருவாக்கிக்கொண்டிருந்தன. 22 ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபரில், பேரங்காடிகளில் அப்பையைத் தடுக்க அந்நாட்டு அரசு மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று.

மக்களின் நல்லொழுக்கத்தில் ஏற்றத்தாழ்வு கண்டு இதனை விளக்க முயல்வது அநீதி. அயர்லாந்துக்குப் பைகளுள் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்தே வந்தன; அவை குறைந்தபோது பிழைப்பை இழந்தவர் அங்கே மிகச் சிலரே. டாக்காவில் பை செய்வது பலருக்கு வயிற்றுப்பாடு. மேலும், வாங்குவோர் கைக்கு அதே விலையில் மாற்றுப் பை எதுவும் வந்து சேரவில்லை. சணலின் தாயகமான அந்நாட்டிலேயே இவ்வாறு நேர்ந்ததுதான் வேதனை. பாலித்தீன் தடை வந்த அதே 2002-இல், சூன் 30 அன்று, உலகின் மிகப்பெரிய சணல் ஆலை எனப் பெயர்பெற்றிருந்த நாராயண்கஞ்சின் ஆதம்ஜி ஆலை நட்டத்தின் காரணமாக மூடப்பட்டது. ஒரு கதவை அடைத்த அரசு, திறந்திருக்க வேண்டிய மறு கதவையும் அதே ஆண்டில் அடைத்துவிட்டது.

இனி, ஐயம் எழுப்புவோரின் சொல்லுக்கும் செவிகொடுப்போம். கலிபோர்னியாவின் பல ஊர்கள் 2007-ஆம் ஆண்டு தொடங்கிப் பைகளுக்குத் தடை விதித்தன. பொருளியல் அறிஞர் ரெபேக்கா டெய்லர் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அத்தடைகளால் ஆண்டுக்கு 4 கோடி பவுண்டு எடையுள்ள பிளாஸ்டிக் குறைந்தது. ஆனால் குப்பைக்கூடையில் இடுவதற்கு மக்கள் காசு கொடுத்து வாங்கிய பைகளால் 1.2 கோடி பவுண்டு திரும்பவும் கூடியது. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் அதிர்ச்சியளிப்பது. பருத்திப் பை ஒன்று, தட்பவெப்பத்தை மட்டும் கருதினால் 52 முறையும், ஓசோன் படலத்திற்கு நேரும் தீங்கு உள்ளிட்ட அனைத்தையும் கருதினால் 7,100 முறையும் பயன்பட்டால்தான் அந்நாட்டுக் கடைகளின் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று அது கணக்கிட்டது. பருத்தி விளையத் தேவைப்படும் நீரும் உரமும் மின்னாற்றலும் அவ்வளவு மிகுதி.

அப்படியானால் தடை வீணா? அவ்வாறு முடிவுசெய்ய மாட்டோம். டென்மார்க்கின் அக்கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது: தெருவில் எறியப்பட்ட பை செய்யும் தீங்கு. குப்பை ஒழுங்காகத் திரட்டப்பட்டு எரிக்கப்படும் அந்நாட்டில் அதனை விட்டுவிட்டது பிழையன்று. ஆனால் அதே கணக்கைக் கொண்டு டாக்காவை அளந்தால், அடைபட்ட சாக்கடையும் இடுப்பளவு நீரில் நின்ற குடும்பமும் கணக்கிலேயே வாரா. உருவாக்கும்போது நேரும் தீங்கு வேறு. எறிந்தபின் நேரும் தீங்கு வேறு. பைத் தடை முதலாவதைக் குறைக்கும் என்று நம்பினால் ஏமாறுவோம். சில வேளைகளில் அது கூடவும் கூடும். இரண்டாவதையோ அது உறுதியாகக் குறைக்கும். ஆனால் பையின் விலை வாங்குவோர் கண்முன் நிற்க வேண்டும். மாற்றுப் பை எட்டும் விலையில் இருக்க வேண்டும். தொழிலை இழப்போருக்கு வேறு வழி காட்டப்பட வேண்டும். இவை மூன்றும் இல்லாத சட்டம் தாளிலேயே நின்றுவிடும் என்பதற்கு டாக்காவின் 22 ஆண்டுகள் சான்று.

தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆயினும் திருமண வீடுகளில் தாம்பூலத்தோடு பெற்ற துணிப்பைகள் நம் இல்லங்களில் எத்தனை மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என எண்ணிப் பார்ப்போம். அவற்றுள் 52 முறை கடைக்குச் சென்று வந்தவை எத்தனை? பழைய மஞ்சப்பையின் பெருமை அதன் துணியில் இல்லை; சாயம் போய், காது கிழிந்து, தைத்துத் தைத்து அது உழைத்த ஆண்டுகளில் இருந்தது. புதிய பை ஒன்றை வாங்குவதற்கு முன், வீட்டில் இருக்கும் பழைய பையை, அது பிளாஸ்டிக்காகவே இருப்பினும், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்படுவோம். தூலின் செய்ததாகச் சொல்லப்படுவதும் அதுதானே.