மதுரையின் பழைய சாட்சிகள்

மதுரைக்கு வருகிறவர்களுக்கு மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம் என்று ஒரே நாளில் ஊரைச் சுற்றிக் காட்டிவிடுகிறோம். அவற்றின் அழகில் குறையொன்றும் இல்லை. ஆனால் மகால் 1636இல் எழுந்தது. கோயிலில் இன்று நிற்கும் கட்டடங்களில் பெரும்பகுதி பிற்காலப் பாண்டியரும் நாயக்கரும் கட்டியவை. ஈராயிரம் ஆண்டுப் பழமை என்று நாம் பேசும் மதுரைக்குக் கல்லில் சான்று வேண்டுமானால் நகரைவிட்டு வெளியேறி மாங்குளம், அழகர்மலை, அரிட்டாபட்டி, கீழவளவு, கொங்கர்புளியங்குளம் என்று குன்று குன்றாக ஏறத்தான் வேண்டும். ஊரார் பஞ்சபாண்டவர் படுக்கை என்று சொல்லும் குகைகளில், தலைப்பக்கம் சற்று உயர்த்திச் செதுக்கிய கற்படுக்கைகள் வரிசையாக இருக்கின்றன. மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கப் பாறையின் நெற்றியில் காடி வெட்டி, அதனருகே தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கொடையாளர் பெயரைப் பொறித்திருக்கிறார்கள்.

இவை சமணத் துறவிகள் ஒதுங்கியிருந்த இடங்கள், நகர வரலாற்றுக்கு இவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். படுத்தவர்கள் துறவிகள்; வெட்டிக் கொடுத்தவர்கள் யார் என்பதல்லவா கேள்வி? மாங்குளம் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சிவெல் கண்டறிந்தார். இக்குகை எழுத்துகளின் மொழி தமிழே என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். மாங்குளத்தில் இருப்பது பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் என்று 1965இல் ஐராவதம் மகாதேவன் காட்டினார். அதே குன்றில் வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவும் கொடையாளராக நிற்கிறது. அழகர்மலையிலோ உப்பு வணிகன், துணி வணிகன், கொழு வணிகன், மதுரைப் பொற்கொல்லன் என்று ஒரு கடைத்தெருவே பெயர் எழுதி வைத்திருக்கிறது. கீழடி அகழாய்வில் கிடைத்த பானையோடுகள் ஆட்பெயர்களைத் தந்தன; ஆனால் அரசனையும் அங்காடியையும் சேர்த்துக் காட்டுபவை இந்த மலைகளே. ஏழாம் நூற்றாண்டோடு மதுரையில் சமணம் அற்றுப்போனது என்ற பழங்கதைக்கும் இங்கே மறுப்பு உண்டு. கீழக்குயில்குடி சமணர்மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களோடு உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

ஆள் நடமாட்டம் பெருகினால் குகைகள் கெடும் என்பது நியாயமான அச்சம்தான். பாறையில் பெயர் கிறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். காவலும் வழிகாட்டியும் இல்லாமல் கூட்டத்தை அனுப்பக்கூடாது. ஆயினும் மேலூர் வட்டாரத்தில் குன்றுகளை உண்மையில் தின்றது கிரானைட் குவாரிதான். யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் வெடி வைப்பது எளிது. அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 2024இல் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, தங்கள் மலையின் மதிப்பை அறிந்த ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஆகவே மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியைத் தரிசித்த மறுநாள் காலை, வெயில் ஏறுமுன், விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரோடு மாங்குளத்துக்கோ அரிட்டாபட்டிக்கோ போய் வாருங்கள். எழுத்தின்மேல் கை வைக்காமல் படியுங்கள்.