அறுவை: மரம் அறுத்தலின் வரலாறும் ஓய்வின் அரசியலும்

சலிப்பூட்டும் பேச்சுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'அறுவை'. கொஞ்சம் அதிகமாகப் போனால் 'ரம்பம்'. "ஆளு சரியான ரம்பம்ப்பா" என்று சொல்கிற வாய்க்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்ற யோசனையெல்லாம் இருப்பதில்லை. ஒரே இழுப்பு, ஒரே சத்தம், முடிவே இல்லாத நேரம் - மரம் அறுக்கும் வேலை இப்படித்தான் மொழிக்குள் உருவகமாகத் தங்கியிருக்கிறது. ஆனால் இது யாருடைய சலிப்பு? வாளை இழுத்தவனுடையதா, திண்ணையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டவனுடையதா? கேட்டவனுடையதாகத்தான் இருக்க வேண்டும். பெயர் வைக்கும் அதிகாரம் வேலை செய்கிறவனிடம் பெரும்பாலும் இருந்ததில்லை.

இந்த அறுவையைத்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் பிரிட்டனிலும் இன்று பலர், கைக்காசைச் செலவழித்து, விடுமுறை நாளில், சந்தோஷத்துக்காகச் செய்கிறார்கள். காற்றில் சாய்ந்த ஒரு ஓக் மரம். ஒரு செயின்சா. அதன் பட்டையோடு பொருத்திக்கொள்ளும் ஒரு இரும்புச் சட்டம் (கலிபோர்னியாவின் கிரான்பெர்க் கம்பெனி விற்கும் 'அலாஸ்கன் மில்' இவற்றில் பேர்போனது). இவ்வளவும் இருந்தால் மரத்தை மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். மரம் விழுந்த இடத்திலேயே பலகை. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒருவனுக்குக் கூலியாக இருந்தது இன்னொருவனுக்கு விளையாட்டாக மாறுவது, அதே செயல் மூன்றாமவனுக்குக் குற்றமாக ஆக்கப்படுவது - இதற்கு நடுவில் நடந்திருப்பது வரலாறு. அதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் கூலி. இயந்திரம் வருவதற்கு முன் உலகின் பல பகுதிகளிலும் பலகை என்பது இரண்டு உடல்களின் விளைபொருள். குழி தோண்டி அதன் குறுக்கே தடியைக் கிடத்துவார்கள். ஒருவர் தடியின் மேல், இன்னொருவர் குழிக்குள். நம்மூரில் குழிக்குப் பதிலாக முட்டுக் கொடுத்துத் தடியை உயர்த்தி வைத்தும் அறுப்பதுண்டு. மேல் ஆள், கீழ் ஆள் என்ற ஏற்பாடு மட்டும் மாறுவதில்லை. மேலே நிற்பவர் கோட்டைப் பார்த்து வாளை நடத்துகிறார். கீழே நிற்பவருக்குக் கோடு தெரியாது, தூள்தான் தெரியும். அதுவும் கண்ணிலும் வாயிலும். பார்வை ஒருவருக்கும் பாரம் இன்னொருவருக்கும் என்று உழைப்பே இரண்டாகப் பிளக்கப்பட்ட காட்சி இது. ஆனால் ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் ஒரு அங்குலம்கூட அறுக்க முடியாது என்பதும் அதே காட்சிக்குள்தான் இருக்கிறது.

1590-களில் ஹாலந்தில் கோர்னேலிஸ் கோர்னேலிஸ்சோன் காற்றாலையின் சுழற்சியை வாளின் மேல்கீழ் அசைவாக மாற்றிக் காட்டியபோது இந்த உறவு ஆட்டம் காணத் தொடங்கியது. இங்கிலாந்து அறுப்புக்காரர்கள் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. லண்டன் லைம்ஹவுஸில் சார்ல்ஸ் டிங்லி என்ற வியாபாரி காற்றில் ஓடும் மர மில் ஒன்றைக் கட்டினார். 1768 மே மாதம் அறுப்புக்காரர்கள் கூட்டமாகப் போய் அதை அடித்து நொறுக்கினார்கள். அடுத்த ஆண்டே, 1769-ல், மில்களை இடிப்பதைக் கடுங்குற்றமாக்கி நாடாளுமன்றம் சட்டம் போட்டது. லுட்டைட்டுகளுக்கு நாற்பதாண்டுகளுக்கு முந்திய கதை இது.

குற்றமாக்கப்பட்டது கோபம் மட்டுமல்ல, செதுக்குத் துண்டுகளும்தான். பிரிட்டிஷ் அரசுக் கப்பல் தளங்களில் வேலை செய்தவர்களுக்கு, வேலையில் கழிந்த மரத்துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போகும் வழக்க உரிமை நெடுங்காலம் இருந்தது. அது கூலியின் ஒரு பகுதி. அடுப்புக்கும் அதுதான், வீட்டுச் சாமானுக்கும் அதுதான். நிர்வாகத்தின் கண்ணில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திருட்டாக மாறியது. 1801-ல் அந்த உரிமையை எடுத்துவிட்டுப் பதிலுக்குக் காசு என்றார்கள். தொழிலாளிக்கும் அவன் கைபட்ட பொருளுக்கும் இருந்த கடைசி இழைகளில் ஒன்று அப்படி அறுந்தது.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். அதே நூற்றாண்டில், அதே நாட்டில், ஒருவருடைய மரச்செதில்களைச் சனங்கள் நினைவுப் பொருளாகப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். அவர் பிரதமர் கிளாட்ஸ்டன். மனைவி குடும்பத்தின் ஹாவர்டன் எஸ்டேட்டில் கோடாரியால் மரம் வெட்டிச் சாய்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. 1868-ல் ஆட்சி அமைக்க அழைப்பு வரும் செய்தி கிடைத்தபோதும் மரம்தான் வெட்டிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க ரயிலில் கூட்டம் வந்தது. எதிர்க்கட்சிக்காரரான ராண்டால்ஃப் சர்ச்சில் 1884-ல் மேடையிலேயே இதை வைத்து நையாண்டி செய்தார். இந்த ஓய்வு ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. கிளாட்ஸ்டனின் தகப்பனார் டெமராராவில் (இன்றைய கயானா) அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்தியவர். அடிமைமுறை ஒழிந்ததும் அரசிடம் நஷ்டஈடு வாங்கியவர், 1838-ல் இந்தியக் கூலிகளை அங்கே கப்பலேற்றிக் கொண்டுபோகும் ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தவர். அங்கே கரும்பு வெட்டு கூலிக்கு, இங்கே மரம் வெட்டு குஷிக்கு.

முதல் உலகப் போரில் தோற்று 1918-ல் ஹாலந்துக்கு ஓடிய ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் இன்னொருவர். டோர்ன் மாளிகையில் 1941-ல் சாகும்வரை மரம் வெட்டியும் அறுத்தும் பொழுதைக் கழித்தார். கணக்கு ஆயிரக்கணக்கான மரங்கள். சாம்ராஜ்யம் கைவிட்டுப் போனபின் தன் சொல்லுக்குச் சாய்கிற ஏதோ ஒன்று வேண்டியிருந்தது போலும்.

அரசர்களும் பிரதமர்களும் செய்ததைச் சாதாரண நடுத்தர வர்க்கத்து ஆளும் செய்ய வழி திறந்தது செயின்சா. கலிபோர்னியாவின் ராட்சத ரெட்வுட் மரங்களை அறுப்பதற்காக 1905-ல் சாமுவேல் பென்ஸ் முடிவற்ற சங்கிலி ரம்பத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1920-களில் ஜெர்மனியில் எமில் லெர்ப்பும் ஆந்திரேயாஸ் ஸ்டீலும் மோட்டார் ரம்பங்களைக் கொண்டு வந்தார்கள். அவை நாற்பது கிலோவுக்கு மேல் கனத்தன, தூக்க இரண்டு ஆள் வேண்டும். 1946-ல் ஓரிகானில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, பட்டுப்போன மரத்தைக் குடையும் ஒரு வண்டின் புழு மரநாரின் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே லாவகமாகத் தின்பதைக் கவனித்தார். அதன் தாடையைப் பார்த்துச் சங்கிலியின் பல்லை வடிவமைத்தார். அடுத்த ஆண்டே விற்பனைக்கு வந்தது. இன்றைய சங்கிலிகளின் மூதாதை அதுதான். 1963-ல் வந்த ஹோம்லைட் எக்ஸ்எல்-12-ன் எடை வெறும் 12 பவுண்டு.

இந்த எடைக் குறைப்பில் ஒரு முக்கியமான மறைவு நிகழ்ந்துவிடுகிறது. கீழ் ஆள் காணாமல் போகிறான். எங்கே போனான்? இயந்திரத்துக்குள் போனான், இயந்திரத்தைச் செய்யும் தொழிற்சாலைக்குள்ளும் எண்ணெய்க் கிணற்றுக்குள்ளும் போனான். குழிக்குள் ஒருவனை நிறுத்திவிட்டு மேலே நின்று 'பொழுதுபோக்கு' என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. குழியை மூடிய பிறகுதான் அறுவை ஹாபி ஆகிறது.

அதற்காக இந்த ஹாபிக்காரர்களைக் கேலி பண்ணிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். அவர்களுடைய சந்தோஷம் நிஜமானது. மரத்தைக் குறுக்கே துண்டாக்கும் சங்கிலியின் பல் சுமார் 30 டிகிரிச் சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். நெடுக்காகப் பலகை அறுக்க அதையே 10 டிகிரி அளவுக்குத் தீட்டிக்கொள்ள வேண்டும். முதல் அறுப்புக்கு ஏணியையோ நேரான பலகையையோ தடியின் மேல் ஆணியடித்து மட்டம் பிடிக்க வேண்டும். அந்தத் தட்டையான முகம் கிடைத்துவிட்டால் அடுத்தடுத்த அறுப்புகளுக்கு அதுவே வழிகாட்டி. மூடிக் கிடந்த மரத்தின் ரேகை முதல்முறையாக வெளிச்சத்துக்கு வருகிறது. அலுவலகத்தில் எந்தப் பொருளின் தொடக்கத்தையும் முடிவையும் காணாத ஒருவன், இங்கே மரம் மேசையாவதை முழுசாகப் பார்க்கிறான். வேலைப் பிரிவினை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டதை வாரக் கடைசியில் திரும்ப விலைக்கு வாங்கிக்கொள்கிறான். கப்பல் தளத்தில் அறுந்த அதே இழைதான் இது.

இப்போது கானாவுக்குப் போவோம். அங்கேயும் அதே செயின்சா, அதே பலகை. ஆனால் விற்பதற்காகச் செயின்சாவால் பலகை அறுப்பதை 1998-ல் கானா அரசு சட்டத்தால் தடைசெய்தது. சொல்லப்பட்ட காரணங்கள்: காடு அழிகிறது, மரம் வீணாகிறது, வரி போகிறது. வீணாவது உண்மை. சங்கிலி போகும் வழியில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் மரம் தூளாகிறது. ஒரு அங்குலப் பலகை மூன்று அறுத்தால் இன்னொரு பலகைக்கான மரம் போச்சு. பட்டை ரம்ப மில்லில் இந்தச் சேதாரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். ஆனால் பெரிய மில்கள் நல்ல மரத்தை ஏற்றுமதிக்கே அறுத்தன. உள்ளூர்க்காரன் வீடு கட்டப் பலகைக்கு எங்கே போவான்? தடைக்குப் பிறகும் உள்ளூர்ச் சந்தைப் பலகையில் பெரும்பகுதி செயின்சாக்காரர்களிடமிருந்தே வந்தது. இன்னொன்று: 1962-லிருந்தே அங்கே இயற்கையாக வளரும் மரத்தின் உரிமை அரசுத் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. கொக்கோ விவசாயி தன் நிலத்தில் காப்பாற்றி வளர்த்த மரம் அவனுடையது அல்ல. செயின்சாக்காரன் அவனுக்கு ரொக்கமோ பலகையோ கொடுத்துவிட்டு மரத்தை அறுக்கிறான். இதற்குப் பெயர் குற்றம்.

இளம் மார்க்ஸ் 1842-ல் 'ரைன் செய்தித்தா'ளில் எழுதியது இதைப் பற்றித்தான். காட்டில் உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்குவதைத் திருட்டாக்கும் சட்டத்தை ரைன் மாகாண சபை விவாதித்தபோது, ஏழைகளின் வழக்க உரிமைக்காக வாதாடினார். பொருளாதாரத்தின் பக்கம் தன்னைத் திருப்பியவற்றில் அதுவும் ஒன்று என்று 1859-ல் அவரே சொல்கிறார்.

நமக்கும் இது தூரத்துக் கதை அல்ல. நீலகிரி கூடலூர்க் காடுகள் அழிவதைத் தடுக்கக் கோரி 1995-ல் நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் ஒரு ஆணை பிறப்பித்தது. நிலம் யாருடையதாக இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான். அனுமதியில்லாமல் காட்டுக்குள் ஓடும் மர மில்கள் நிற்க வேண்டும் என்றது. இந்தியா முழுக்க மரம் வெட்டு குறைந்தது, வடகிழக்கில் மில்கள் மூடப்பட்டன. காட்டுக்கு அது தேவையாக இருந்தது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. மில்லோடு வேலை போனவர்கள் எந்தக் கணக்கில் வந்தார்கள் என்ற கேள்வியும் அதனால் செத்துப்போகவில்லை.

ஆக, செயலுக்கு அர்த்தம் தருவது வாள் அல்ல. மரம் யாருடையது, நேரம் யாருடையது, தூளானதை யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்பவைதான். ஓரிகான்காரனின் தூள் அவன் தோட்டத்துக்கு உரமாகிறது. கானாக்காரனின் தூள் அவன்மேல் குற்றச்சாட்டாகிறது. வேலையை முழுசாகக் காணும் சந்தோஷம் வசதி உள்ளவனின் வாரக் கடைசிக்கு மட்டும் உரியதாக ஏன் இருக்க வேண்டும்? கொக்கோ விவசாயிக்குத் தான் வளர்த்த மரத்தின் ரேகையைப் பார்க்கும் உரிமை வேண்டும். பார்த்ததை விற்கும் உரிமையும் வேண்டும். அது கிடைக்கும்வரை ஓய்வைப் பற்றிய நம் பேச்செல்லாம், சொல்லின் பழைய அர்த்தத்திலேயே, வெறும் அறுவைதான்.