ஹேர்ஷல் வீட்டு யானை



பெரிய தொலைநோக்கி ஒன்றை வீட்டில் வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது போன்ற காரியம். செய்து முடிப்பதோடு செலவு தீர்ந்துவிடாது. வானியலறிஞர் வில்லியம் ஹேர்ஷல் இதனை நன்கு அனுபவித்தறிந்தவர்.

ஜேர்மனியின் ஹனோவரிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த இசைக்கலைஞர் அவர். பாத் நகரில், வீட்டுத் தோட்டத்தில் நின்றபடி, தாமே செய்த தொலைநோக்கியால் 1781 மார்ச் 13ஆந் திகதி யுரேனஸ் கிரகத்தைக் கண்டார். மறு ஆண்டு மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் அவருக்கு வருடம் 200 பவுண் வேதனம் வழங்கினார். 1786இல் ஸ்லோ என்னும் ஊரில் குடியேறிய ஹேர்ஷல், வீட்டு வளவிலேயே அதுவரை எவரும் கண்டிராத பெருங் கருவியொன்றை எழுப்பினார். 40 அடி நீள இரும்புக் குழாய். அதனடியில் 4 அடி விட்டமும் சுமார் ஒரு தொன் நிறையுமுள்ள உலோக ஆடி. இவற்றைத் தாங்கி உருளைகளின் மேல் சுழலும் பிரமாண்டமான மரச்சட்டகம்.

மன்னர் இரு தடவையாக 4,000 பவுண் கொடுத்தார். பராமரிப்புக்கென வருடந்தோறும் மேலும் 200 பவுண். ஆளுக்குரிய சம்பளமும் கருவிக்குரிய தீனியும் ஒரே தொகை! உதவியாளராக இருந்த தங்கை கரோலினுக்கோ 50 பவுண்தான். இரவெல்லாம் விழித்திருந்து அண்ணன் சொல்லச்சொல்லக் குறிப்பெழுதியவர் அவர்.

தொல்லையெல்லாம் ஆடியில்தான் இருந்தது. அக்காலத்து ஆடிகள் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்க்கப்பட்டவை. ஈயம் கூடினால் பளபளப்பு நிலைக்கும். ஆனால் உலோகம் இலகுவில் வெடித்துவிடும். முதல் வார்ப்பு நடுவில் மெலிந்து போயிற்று. அடுத்தது ஆறும்போதே வெடித்தது. 1788இல் வார்த்ததே கைகூடியது. வெடிப்புக்கு அஞ்சிச் செம்பைக் கூட்டியதால் அது விரைவில் மங்கியது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது போல இதைத் தேய்த்துவிட முடியாது. மயிரிழையிலும் சிறிய அளவுக்கு வளைவு பிசகினாலும் விண்மீன் கலங்கித் தெரியும். ஆகவே ஒவ்வொரு மெருகூட்டலும் ஆடியைப் புதிதாகச் செய்வதற்கு ஒப்பானது. இருபதுக்கு மேற்பட்ட ஆட்கள் இலக்கமிட்ட உடையணிந்து சுற்றிநின்று தேய்த்தார்கள். பின்னர் அதற்கென இயந்திரமும் செய்யப்பட்டது.

1789 ஓகஸ்ட் 28இல் சனியின் துணைக்கோளான என்சலடஸும் செப்டெம்பர் 17இல் மீமாஸும் இக்கருவியால் கண்டறியப்பட்டன. புகழ் பரவிற்று. பிரபுக்கள் வந்து பார்த்துப் போயினர். ஆனால் கருவியை ஆயத்தம் செய்வதற்குள்ளேயே இங்கிலாந்தின் அபூர்வமான தெளிந்த இரவு பாதி கழிந்துவிடும். ஏறத்தாழ 2,500 நெபுலாக்களையும் விண்மீன் கூட்டங்களையும் ஹேர்ஷல் பட்டியலிட்டாரே, அது பெரும்பாலும் பக்கத்தில் நின்ற 20 அடித் தொலைநோக்கியின் உழைப்பு. இருந்தும் பெரியதை அவர் கைவிடவில்லை. மன்னரின் பணத்தில் எழுந்ததைப் பயன் குறைந்ததென்று சொல்ல யாருக்குத்தான் நா எழும்?

1815இல் அதன் கடைசி அவதானிப்பு. 1822இல் ஹேர்ஷல் காலமானார். மகன் ஜோன் தென்னாபிரிக்காவுக்குக் கொண்டுசென்றது 20 அடித் தொலைநோக்கியைத்தான். திரும்பி வந்தபோது பெரியதன் மரச்சட்டகம் உக்கி, ஆபத்தான நிலையில் இருந்தது. 1839இல் அதைக் கழற்றுவித்தார். அந்த வருட முடிவில் குடும்பத்தார் எல்லோரும் குழாயினுள் புகுந்திருந்து, தாங்களே இயற்றிய பிரியாவிடைப் பாடலைப் பாடினார்கள். பின்னொரு காலத்தில் மரமொன்று விழுந்து, தோட்டத்தில் கிடந்த குழாயை நசுக்கிற்று. எஞ்சிய துண்டு கிறீனிச் வானாய்வு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.