வளையில் தொங்கிய சீலை

மருதமுனையில் தறியை விட்டு இறங்கும்போது பருத்திச் சீலை விறைப்பாக இருக்கும். உடம்பில் உராய்ந்தால் கீறும். கல்முனைக்கு வடக்கே கடலோரம் கிடக்கும் அந்த ஊர், 1961இல் அம்பாறை மாவட்டம் பிரியும்வரை மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. எழுபதுகளில் வெளிநாட்டுத் துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம், தறிச் சத்தம் ஓயாத காலம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு மலிவுத் துணிகள் வந்து குவிந்தன. பல தறிகள் ஓய்ந்தன. இன்றும் நெய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பருத்திச் சீலை பிள்ளைக்கு உதவ வேண்டுமென்றால் முதலில் பழசாக வேண்டும். கோயிலுக்கு உடுத்து, பிறகு சந்தைக்கு உடுத்து, கடைசியில் அடுப்படியில் உடுத்து, கிணற்றடியில் அடித்துத் தோய்த்துக் கஞ்சியெல்லாம் போய், நூல் இளகி, நிறமும் மங்கிய பின்தான் அது ஏணைக்கு, அதாவது துணித் தொட்டிலுக்கு, தேறும். புதுச் சீலையில் ஏணை கட்ட எந்த அம்மம்மாவும் விடமாட்டா.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் சரி, மேற்கே படுவான்கரையிலும் சரி, வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். குடி தாய்வழி. கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறான். முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கம்தான், அங்கே உம்மம்மா. ஆகவே பேரப்பிள்ளைக்குக் கட்டும் சீலை அநேகமாகத் தாயின் தாய் உடுத்தது. சில வீடுகளில், தாயை ஆட்டிய அதே கூரை வளையில்தான் பிள்ளைக்கும் கயிறு போடுகிறார்கள்.

கட்டுவதில் ஒரு கணக்கு உண்டு. சீலையை இரண்டாக மடித்து, தலைப்புகளைச் சேர்த்து இறுக்கிக் கயிற்றில் ஏற்ற வேண்டும். துணி பிள்ளையின் முகத்தில் மூடாமல் இருக்க, மேலே ஒரு சிறு தடியைக் குறுக்கே கொடுத்து விரித்துவிடுவார்கள். தரையிலிருந்து அதிக உயரம் கூடாது. பிறகு ஓராட்டு, ஆட்டு. 2019இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பெரியவர்களை ஆடும் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். அசையாக் கட்டிலில் படுத்ததைவிட வேகமாக நித்திரையானார்கள், ஆழமாகவும் தூங்கினார்கள். அவர்கள் ஆட்டியது நாலு விநாடிக்கு ஒருமுறை, அம்மம்மா ஆட்டுவதுபோல மெதுவாக.

ஆனால் ஏணையின் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கைக்குழந்தையைச் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே பத்திரம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரு வயதுவரை அதன் பக்கத்தில் தளர்ந்த துணியோ பஞ்சுப் பொம்மையோ இருக்கக் கூடாது என்பதும் அதே அறிவுரைதான். ஏணையில் விட்டால் கண் பார்வையில் விட வேண்டும். பிள்ளை எழுந்து உட்காரத் தொடங்கிவிட்டால் ஏணையை அவிழ்த்துவிட வேண்டும். கட்டியபடி விட்டுவைத்த சீலையில் பெரிய பிள்ளைகள் முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகிச் செத்திருக்கிறார்கள். இங்கேயும் நடந்திருக்கிறது, தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது.

அவிழ்த்த சீலை அதோடு முடிந்துபோவதில்லை. ஒரு துண்டைப் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும். எல்லாத் துண்டும் சரிவராது, ஒன்றுதான். பார்த்திருப்பீர்கள்: ஒரு கையின் பெருவிரல் வாயில். மற்றக் கை துணியின் ஓரத் தையலைத் தேடிப்பிடித்து, சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவே உருட்டிக்கொண்டே இருக்கும். மூலையை மூக்கடியில் தேய்க்கும். உருட்டல் மெதுவாகி நிற்கும்போது கண்ணும் மூடியிருக்கும். லண்டனில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகொட் 1951இல் இந்தத் துணியையும் பொம்மையையும் பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். தாயோடு ஒட்டியிருந்த பிள்ளை தனித்து நிற்கப் பழகும் இடைவெளியில் இந்தப் பொருள் துணை நிற்கிறது என்றார். அதைத் தோய்த்து மணத்தைப் போக்கிவிட்டால் பிள்ளையின் அனுபவத்தில் தொடர்ச்சி அறுந்துபோகும் என்பதையும், தாய்மாருக்கு இது தெரியும் என்பதையும் அவர் கவனித்திருந்தார். 1975இல் ஏய்டன் மக்ஃபார்லேன் செய்த ஆய்வில், பிறந்து சில நாட்களேயான சிசுக்கள்கூட வேறு தாயின் மணத்தை விட்டுத் தம் தாயின் மணம் வந்த பக்கமே முகம் திருப்பின. கரடிப் பொம்மை கடையில் கிடைக்கும். அந்த மணம் வீட்டில்தான் ஏறும்.

2006 முடிவிலும் 2007 தொடக்கத்திலும் போருக்குத் தப்பி வாகரையிலிருந்து சனம் ஓடிவந்தபோது முகாம்களில் வளை இல்லை, மரக்கிளை இருந்தது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்குச் சீலை ஒன்றே விரிப்பு, மறைப்பு, ஏணை எல்லாம்.

இன்று இந்தத் துணியின் பயணத்தில் வேறொரு பிரிவு வந்திருக்கிறது. நுண்கடன் கட்ட முடியாமலும் வீட்டை முடிக்க முடியாமலும் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போகும் தாய்மார் மட்டக்களப்பு மாவட்டத்தில் நிறைய. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுவேலைக்குப் போகக் கூடாது என்று 2013இல் அரசு விதி கொண்டுவந்தது. பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. இரண்டு வயது, பிள்ளை ஒரு துணியை விடாமல் இழுத்துக்கொண்டு திரியும் வயது. கடனில் மூழ்கியவளைப் போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பயணப்பெட்டி கட்டும் வீட்டில் இதையும் செய்யுங்கள் என்று கேட்பேன்.

தாய் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே ஒரு பழைய பருத்திச் சீலையை அவ இரவில் போர்த்திப் படுக்கட்டும். அதைக் கையளவு துண்டுகளாகக் கிழித்து, நூல் பிரியாமல் ஓரம் அடித்து, ஒன்றை இப்போதே பிள்ளையிடம் கொடுங்கள். மற்றவற்றை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஒன்று தொலைந்தால் அடுத்தது. அம்மம்மா அதை அடிக்கடி தோய்க்க வேண்டாம். தோய்க்கத்தான் வேண்டுமென்றால் மணச் சவர்க்காரம் போடாமல் அலசுங்கள். பாலர் பாடசாலைக்குப் பிள்ளை அதைக் கொண்டுபோனால், ஆசிரியைமாரே, பறித்து அலுமாரியில் பூட்டாதீர்கள். மத்தியானம் பாய் விரிக்கிற நேரம் அது பிள்ளையின் கையில் இருக்கட்டும்.