எட்டாவது கணினி

வங்கிக் கணக்குகளும் இரயில் பயணப் பதிவுகளும் இன்று கணினியின் தரவுத்தளங்களில் அடங்கியுள்ளன என்பதை மாணவர்களாகிய நீங்கள் அறிவீர்கள். தரவுகளை அட்டவணைகளாக அமைத்து ஆளலாம் என்னும் கொள்கையை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் 1970-இல் வெளியிட்டார். நாளடைவில், தரவுகளை ஆளும் கட்டளைத் தொடர்களையும் தரவுத்தளத்தினுள்ளேயே வைக்கும் முறை தோன்றியது. 1987-இல் சைபேஸ் நிறுவனம் வெளியிட்ட எஸ்.க்யூ.எல். சர்வரும், 1992-இல் வந்த ஆரக்கிளின் ஏழாம் பதிப்பும் இதற்கு இடமளித்தன. இத்தொடர்களைச் ‘சேமித்த செயல்முறைகள்’ என்பர்.

இவை எழுதப்படும் இடம் வேறு. பயன்படும் இடம் வேறு. உருவாக்கச் சர்வரில் எழுதிச் சோதித்த பின்னரே, மக்கள் பயன்படுத்தும் பணிச் சர்வருக்கு மாற்றுவர். இது வெறும் படியெடுக்கும் வேலைதானே என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகின்றது. அங்கே மாற்றப்பட்டது தரவுத்தளச் செயல்முறையன்று, பங்கு வணிக மென்பொருள். எனினும் மாற்றும் தொழிலின் இயல்பு இரண்டிற்கும் ஒன்றே.

நியூயார்க் பங்குச் சந்தை 2012 ஆகஸ்டு 1-ஆம் நாள் ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கவிருந்தது. அதற்கென நைட் கேபிடல் என்னும் நிறுவனம் புதிய மென்பொருளை எழுதி, ஜூலை 27 முதல் தன் எட்டுச் சர்வர்களில் படிப்படியாக நிறுவியது. ஏழு சர்வர்களில் புதியது ஏறிற்று, ஒன்றில் ஏறவில்லை. பணியைச் செய்தவர் அதனை விட்டுவிட்டார். செய்ததைச் சரிபார்க்க இரண்டாம் ஆள் இல்லை. அதற்கென எழுதப்பட்ட விதியும் இல்லை.

அந்த எட்டாவது சர்வரில், 2003-லேயே வழக்கொழிந்த ஒரு பழைய நிரல் நீக்கப்படாமல் கிடந்தது. அதனை இயக்கப் பயன்பட்ட அதே குறியீட்டைப் புதிய மென்பொருளும் தனக்கென எடுத்துக்கொண்டிருந்தது. சந்தை திறந்ததும் அக்குறியீடு ஏழு சர்வர்களில் புதியதை இயக்க, எட்டாவதில் பழையதை உயிர்ப்பித்தது. எத்தனை பங்குகள் வாங்கி முடிந்தன என்று எண்ணி நிறுத்தும் பகுதி 2005-இலேயே இடம் மாற்றப்பட்டிருந்தமையால், பழைய நிரல் நிறுத்தமின்றி ஆணைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர் தந்த 212 ஆணைகளுக்கு, சுமார் 45 நிமிடங்களில், 154 நிறுவனங்களின் 39 கோடியே 70 லட்சம் பங்குகள் கைமாறின. நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல்.

சந்தை திறக்குமுன்னரே கணினி 97 மின்னஞ்சல்களில் பழைய நிரலின் பெயரைக் குறித்து அறிவித்திருந்தது. அவற்றை எச்சரிக்கையாக எவரும் கொள்ளவில்லை. குழப்பத்தின் நடுவே, காரணம் விளங்காமல், சரியாக இயங்கிய ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய மென்பொருளை நீக்கினர். ஏழும் எட்டாவதைப் போலாயின, தீங்கு பெருகியது. மறு ஆண்டே அந்நிறுவனம் மற்றொன்றுடன் இணைந்தது. 2013 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

சேமித்த செயல்முறைகளிலும் இவ்வபாயம் உண்டு. இரு சர்வர்களில் ஒரே பெயர் இருப்பினும், உள்ளே இருப்பது பழைய வாசகமா புதிய வாசகமா என்பது பெயரால் விளங்காது. புதியதை ஏற்றுங்கால் பழைய வாசகம் பொதுவாக அழிந்துபோகும். ஆதலின் ஒவ்வொரு வாசகத்தையும் தனிக் கோப்பாகப் பதிப்பு எண்ணுடன் காத்தல் வேண்டும். அதே கோப்பினையே எல்லாச் சர்வர்களிலும் ஏற்றுதல் வேண்டும். ஏற்றிய பின் ஒவ்வொன்றையும் மற்றொருவர் ஒப்புநோக்க வேண்டும். வழக்கொழிந்தவற்றை நீக்கிவிட வேண்டும். பின்வாங்கும் வழியையும் முன்னரே சோதித்து வைத்தல் வேண்டும்.

நாளை உங்களுள் பலர் இத்தொழிலை மேற்கொள்வீர்கள். ஏழு சர்வர்களில் வேலை முடிந்ததென்று எழுந்திருக்கும் வேளையில், எட்டாவதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.