குழந்தைகளுக்கான உணவூட்டுக் குழாய்: வரலாறு

உணவூட்டுக் குழாய் என்பது வாயால் போதிய அளவு உண்ண இயலாதவர்களின் இரைப்பைக்கு நீர்ம உணவைக் கொண்டு சேர்க்கும் மெல்லிய குழாய் ஆகும். இது மூக்கின் வழியாகச் செலுத்தப்படும். நீண்ட காலம் தேவைப்பட்டால், வயிற்றில் சிறு துளையிட்டுப் பொருத்தப்படும்.

உணவின்மையும் உண்ண இயலாமையும்

புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1930-இலேயே பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவு வழங்கத் தொடங்கியது. 1975-இல் இந்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிகளைக் கொண்டுவந்தது. இவை உணவு கிடைக்காத குழந்தைக்கான ஏற்பாடுகள். நெல் விளையும் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களிலும், சோறும் பாலும் இருந்தும் உண்ண இயலாத குழந்தையின் சிக்கலை இவற்றால் மட்டும் தீர்க்க முடியாது. குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சி விழுங்கும் திறன் முதிர்ந்திருக்காது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குப் புரையேறி, உணவு நுரையீரலுக்குள் செல்லக்கூடும். இதயக் குறைபாடுள்ள குழந்தை பால் குடிக்கும்போதே களைத்துவிடும்.

குழாயின் வளர்ச்சி

1790-இல் இங்கிலாந்தில் ஜான் ஹன்டர், விழுங்க முடியாத ஒருவருக்கு விலாங்கு மீன் தோலால் ஆன குழாய் வழியே உணவூட்டினார். 1849-இல் பிரான்சில் செடியோ என்பவர் மனிதரின் இரைப்பையில் துளையிட்டு உணவூட்ட முயன்றார், நோயாளி பிழைக்கவில்லை. பாரிசில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் வகுத்த அளவுமுறையே இன்றும் குழாய்களின் பருமனைக் குறிக்கிறது. ‘ஃபிரெஞ்ச்’ எனப்படும் அதன் ஓர் அலகு, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு.

பெரும் திருப்பம் 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நிகழ்ந்தது. குழந்தை அறுவை மருத்துவர் கவுடரரும் அகநோக்கி மருத்துவர் பொன்ஸ்கியும், வயிற்றைத் திறக்காமல், அகநோக்கியின் உதவியுடன் நாலரை மாதக் குழந்தைக்குக் குழாய் பொருத்தினர். இன்று பெரியவர்களுக்கும் செய்யப்படும் இம்முறை, ஒரு குழந்தையின் தேவைக்காகப் பிறந்தது.

மீண்டும் வாய்வழி உணவுக்கு

கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட கையேடு, ஒவ்வொரு வேளையும் முதலில் வாயால் ஊட்டி, மீதியை மட்டும் குழாயில் செலுத்தச் சொல்கிறது. நாளுக்குரிய உணவில் முக்கால் பங்கைக் குழந்தை தானே உண்ணத் தொடங்கினால் குழாயை எடுத்துவிடலாம். ஆகவே, குழாய் என்றாலே கடைசிக் கட்டம் என்ற அச்சம் எல்லோருக்கும் பொருந்தாது. பல குழந்தைகளுக்கு அது தற்காலிக உதவியே.

1823-இல் தொடங்கிய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், 1964 முதல் அப்பெயரில் இயங்குகிறது. வில்லியனூர் கொம்யூனின் இராமநாதபுரத்தில் அதன் ஊரக சுகாதார மையம் உள்ளது. எனினும், தேவையை முதலில் காட்டுவது பெரும்பாலும் அங்கன்வாடியின் எடைத் தராசுதான். மாதந்தோறும் ஏற வேண்டிய எடைக்கோடு நின்றுவிட்டால், வீட்டில் என்ன உணவு இருக்கிறது என்பதோடு, குழந்தையால் அதை விழுங்க முடிகிறதா என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.