29 பேரும் 224 தறிகளும்

என் முதல் வேலையில் எங்கள் குழு எப்போதும் பிந்தியே வேலையை முடிக்கும். ஒருவர் கோட் எழுதுவார், இன்னொருவர் சோதிப்பார், மூன்றாமவர் சர்வரில் ஏற்றுவார். பிழை வந்தால், "அது என்னுடைய பகுதி இல்லை" என்று எல்லோரும் சொல்வோம். நானும் சொன்னேன். ஆட்கள் சரியில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிறகு ஒரு பழைய கதையைப் படித்தேன். அது தொடங்குவது நம்முடைய லண்டனில்.

இங்கே 1947இல் டாவிஸ்டாக் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் தொடங்கியது. மனிதர்கள் வேலைத்தலத்தில் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அங்கிருந்த எரிக் டிரிஸ்டும், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான கென் பாம்ஃபோர்த்தும் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி 1951இல் எழுதினார்கள். புது இயந்திர முறை வந்ததும், ஒன்றாக வேலை செய்த சிறு குழுக்கள் உடைந்தன. அதோடு ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த நம்பிக்கையும் போனது.

அடுத்த கட்டம் இந்தியாவில். அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகள் வந்திருந்தன. இயந்திரம் புதிது, ஆனாலும் எதிர்பார்த்த பலன் இல்லை. 1953இல் டாவிஸ்டாக்கிலிருந்து ஏ. கே. ரைஸ் அங்கே போனார்.

அவர் கண்டது இதுதான்: 224 தறிகளுக்கு 29 பேர், அவர்களுக்குள் 12 வகை வேலை. நெய்பவர் ஒருவர், அறுந்த நூலை முடிபவர் ஒருவர், எண்ணெய் விடுபவர் ஒருவர். ஒவ்வொருவர் பொறுப்பிலும் இருந்த தறிகளின் எண்ணிக்கை வேறு வேறு. அதனால் யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார் என்பதே தெளிவில்லை. எந்தத் தறியையும் "இது எங்களுடையது" என்று சொல்ல ஆள் இல்லை.

7 பேருக்கு 64 தறிகள் என்று குழுக் குழுவாகப் பிரித்தால் என்ன என்ற யோசனை எழுந்தது. தொழிலாளர்கள் அதை உடனே பற்றிக்கொண்டு, குழுக்களைத் தாங்களே அமைத்தார்கள். தறிகளின் செயல்திறன் சுமார் 80 சதவீதத்திலிருந்து 95க்கு ஏறியது. பழுதான துணி 32 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. ஆட்களும் தறிகளும் பழையவைதான். மாறியது வேலையைப் பிரித்த விதம்.

ஆனால் இது மந்திரம் இல்லை. பல ஆண்டுகள் கழித்து எரிக் மில்லர் போய்ப் பார்த்தபோது, ஓரிடத்தில் குழுமுறை அப்படியே இருந்தது. மற்ற இடங்களில் பழைய வழக்கம் திரும்பியிருந்தது. நல்ல ஏற்பாட்டையும் யாராவது தொடர்ந்து காப்பாற்ற வேண்டும்.

தம்பி, தங்கைகளே, நீங்கள் சனிக்கிழமை கடை வேலைக்குப் போகலாம், நாளைக்கு அலுவலகத்துக்கும் போவீர்கள். அங்கே ஒருவர் "எனக்கென்ன" என்று நின்றால், உடனே சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். "இது என்னுடையது" என்று அவர் சொல்ல அங்கே ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் பழைய குழுவை நான் அப்படிப் பார்க்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.